விசாரணைக்குத்தான் கூட்டிட்டுப் போறோம்

"அவனுக்கெல்லாம் என்ன உரிமை வேண்டிக் கிடக்கு?"

எங்கள் காரைக்குடி பக்கம் கல்யாண வீட்டு முகப்பில் நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது, பேச்சு ஒரு கொலை கேஸுக்கோ குண்டுவெடிப்புக்கோ போனால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் பெரிய பெரிய வீடுகள், அதற்கு ஒரு வயதான காவல்காரர் என்று இருக்கிற ஊர்கள் இவை. பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதே, பிடித்து வந்தவன்தான் செய்தவன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதை முடிவு செய்தது யார்? போலீஸ் சொன்னது, டிவியில் வந்தது, அவ்வளவுதான்.

2025 ஜூனில் மடப்புரத்தில் நடந்தது மறந்திருக்காது. நம் சிவகங்கை மாவட்டம்தான். பத்ரகாளியம்மன் கோயிலுக்கு வந்த ஒரு பெண் காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்றார். கோயில் காவலாளியாக இருந்த இளைஞரைத் தனிப்படைக்காரர்கள் விசாரணை என்று கொண்டுபோனார்கள். முறையாக வழக்குகூடப் பதிவாகாத நிலையில் அடி விழுந்தது. 28ஆம் தேதி அவர் உயிரோடு இல்லை. உடம்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டது, ஐந்து போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. அந்த அம்மாவுக்குப் பிள்ளை திரும்பி வரவில்லை.

அன்றைக்கு ஊரே கொதித்தது. நானும்தான். ஆனால் அதற்கு முந்தின மாதம் வரை, ரவுடி என்று ஒருவனைப் பிடித்து, "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டான்" என்று கையில் மாவுக்கட்டோடு படம் வெளியிட்டபோது சிரித்துப் பகிர்ந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? ரவுடியை அடித்துப் பழகிய கைதான் காவலாளியையும் அடித்தது. அடிக்கும்போது அது ஆள் பார்ப்பதில்லை. ஹைதராபாத்தில் 2019 டிசம்பரில், ஒரு பெண் மருத்துவர் கொலை வழக்கில் பிடித்த நாலு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் விசாரித்துவிட்டு, கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது. செத்தவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது ஆகாதவர்கள் என்றும் சொன்னது.

"சரி, காவலாளி அப்பாவி. பயங்கரவாதிக்கு?" என்று கேட்பார்கள். நான் அதிகம் பேச விரும்புவதும் இதைப் பற்றித்தான்.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியோடு சேர்த்து எத்தனையோ உயிர்கள் போன ராத்திரி. அந்தக் குடும்பங்களின் இழப்பை யாரும் சின்னதாக்க முடியாது. வழக்கு தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் நடந்தது. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது நம் நாட்டில் காலகாலமான சட்டம். அடித்து வாங்கியிருக்கலாம் என்பதால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். தடா அதை மாற்றியது. எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி எழுதி வாங்கினால் போதும், அது சாட்சியம். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம், இது தடாவில் வரும் குற்றமே இல்லை என்று சொல்லி, அந்த 26 பேரில் 19 பேரை விடுவித்தது. நினைத்துப் பாருங்கள். முதல் தீர்ப்போடு "தூக்குல போடு" என்று நாம் கேட்டது நடந்திருந்தால்?

அதோடு போகவில்லை. அந்த வழக்கில் 19 வயதில் கைதானவர் பேரறிவாளன். பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. எதற்கு என்று தெரியாமல் வாங்கினேன் என்று அவர் சொன்னதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று, வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே ஓய்வு பெற்ற பிறகு 2013இல் சொன்னார். ஒரு வரியை எழுதவில்லை. எதிரே ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தால் அந்த வரி விட்டுப்போயிருக்குமா? 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தபோது முப்பது வருஷத்துக்கு மேல் போயிருந்தது.

உரிமை கொடுத்தால் எல்லோரும் தப்பித்துவிடுவார்கள் என்பதும் சரியில்லை. 1998 கோவை குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் ஒன்பது வருஷம் ஜாமீன் இல்லாமல் உள்ளே இருந்த கேரள அரசியல் தலைவர் மதானியை 2007இல் தனி நீதிமன்றம் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அதே நீதிமன்றம், அதே வழக்கில், நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் குற்றவாளிகள் என்றும் சொன்னது. 2008 மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்ட கசாபுக்கு வக்கீல் கொடுத்தார்கள், உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு கொடுத்தார்கள். 2012இல் தூக்கும் நடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இவனுக்காக எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது" என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது உண்டு. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லவே செல்லாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு நம் கோவையிலிருந்து போனது. அதில் வக்கீல் கிடையாது என்று சொல்லப்பட்டவர்கள் யார் தெரியுமா? போலீஸ்காரர்கள்.

இப்போது தடாவும் இல்லை, அதற்குப் பின் வந்த பொடாவும் இல்லை. உபா (UAPA) என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. குற்றப்பத்திரிகை போட 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். போலீஸ் காகிதத்தைப் பார்த்து, மேலோட்டமாக உண்மை போலத் தெரிகிறது என்று கோர்ட்டுக்குத் தோன்றினாலே ஜாமீன் கிடையாது. அப்புறம் வழக்கு முடிய எத்தனை வருஷமோ. தண்டனை முதலில், தீர்ப்பு அப்புறம் என்று ஆகிவிட்டது. இது தப்பு.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது நன்றாகவே புரிய வேண்டும். 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது தேவகோட்டை நீதிமன்றம் எரிந்தது. திருவாடானைச் சிறையை உடைத்து, சுதந்திரப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை ஜனங்களே வெளியே கொண்டுவந்தார்கள். அன்றைய அரசாங்கத்துக்கு அவர்கள் கலகக்காரர்கள், நமக்குத் தியாகிகள். குண்டு வைப்பவனையும் அவர்களையும் ஒன்றாக வைத்து நான் பேசவில்லை. பட்டம் கட்டுகிற வேலையை அரசாங்கத்திடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. வளவில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவின் மகனைக் கூட்டிப் போனார்கள். "சும்மா விசாரணைக்குத்தான் கூட்டிட்டுப் போறோம்" என்றார்கள். காகிதம் ஒன்றும் கிடையாது. ஸ்டேஷனுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மாற்றுக் கைலியை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா நின்றதை நான் பார்த்தேன். என்னைக் கண்டதும், "தம்பி, உள்ள போயி ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். போய்க் கேட்டால் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், பதில் மட்டும் சொல்லவில்லை. பையன் வெளியே வந்தபோது செருப்பைப் போட முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். உள்ளங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. வழக்கும் இல்லை, நகையும் இன்றுவரை கிடைக்கவில்லை.

காவலில் நடக்கும் சாவுகள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள் இன்று சட்டத்திலேயே இருக்கின்றன. கைது செய்தால் நேரம், தேதி போட்டுக் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் கொடுக்க வேண்டும். அதற்கு இலவச எண் 15100.

அந்தக் கைதுக் குறிப்பில் ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும். குடும்பத்தில் ஒருவர், இல்லாவிட்டால் அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவர் போடலாம். எங்கள் ஊர்களில் மதிப்புள்ளவர்களுக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் வீட்டுக் காவல்காரரையோ சமையல்காரரையோ அவர்கள் பிள்ளையையோ அடுத்த முறை கூட்டிப் போனால், புகார் கொடுத்தது நீங்களாகவே இருந்தாலும், அண்ணே, ஆச்சி, தயவுசெய்து பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போங்கள். கைதா, விசாரணையா என்று கேளுங்கள். கைது என்றால் அந்தக் காகிதத்தை எழுதச் சொல்லி, நேரத்தைச் சரிபார்த்து, சாட்சிக் கையெழுத்தைப் போடுங்கள்.