‘கான்டெஸ்ட்’ என்றால் போட்டி மட்டுமா?

‘கான்டெஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி அண்மையில் நான் படித்த கட்டுரை, அதற்குப் போட்டி, போட்டியிடுதல் என்னும் பொருள்களைத் தந்ததோடு நின்றுவிட்டது. ஆனால் நீதிமன்ற வழக்கில் அது புழங்குவது பெரும்பாலும் மறுத்து வழக்காடுதல் என்ற பொருளில்தான். தந்தையின் உயிலை மகன் ‘கான்டெஸ்ட்’ செய்கிறான் என்றால், அது செல்லாது என்று எதிர்க்கிறான் என்பதே பொருள். சாட்சிகளை அழைத்து வழக்கைத் தொடங்குவதைக் குறித்த இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல்லாதலால், இந்தச் சட்டப் பொருளே மூலத்துக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம்.

தேர்தல் செய்திகளில்தான் குழப்பம் அதிகம். நம் ஆங்கில நாளேடுகளில் ஒருவர் தேர்தலை ‘கான்டெஸ்ட்’ செய்தார் என்றால் வேட்பாளராக நின்றார் என்று கொள்கிறோம். அமெரிக்கச் செய்தியிலோ அதே தொடர் பெரும்பாலும் முடிவை ஏற்காமல் எதிர்த்தார் என்பதைச் சுட்டும். 1973-இல் அந்நாட்டுத் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ வரி ஏய்ப்பு வழக்கில் ‘நோ கான்டெஸ்ட்’ என்றபோது, குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடப் போவதில்லை என்று தெரிவித்துப் பதவியும் விலகினார், குத்துச்சண்டையில் அதே இரு சொற்கள், வெற்றி தோல்வி இல்லாமல் ஆட்டம் நிறுத்தப்பட்டதைக் குறிக்கும் (என்ன மொழியோ!). உச்சரிப்பையும் அந்தக் கட்டுரை தொட்டிருக்கலாம்: பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் அசையிலும், வினைச்சொல்லில் இரண்டாம் அசையிலும் விழும்.