பொனெட்டைத் திறக்கச் சொன்னது குற்றமாம்

ஞாயிற்றுக்கிழமை திருகோணமலை உட்துறைமுக வீதியில் பழைய கார்களைக் காட்சிக்கு வைத்த இடத்தில், ஒரு சிவப்பு மினியை ஒரிஜினல் கூப்பர் எஸ் என்று விலை பேசினார்கள். பொனெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன். அதை வைத்து என்னைப் பொறாமைக்காரன் என்று எழுதுகிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்.

மினி காரின் வேகமான வகையான கூப்பர் எஸ் மாதிரி ஒரு கார் செய்வது பிழையில்லை. செய்ததை ஒரிஜினல் என்று சொல்லி விலை பேசுவதுதான் பிழை. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன்.

கார் வடிவுதான். சிவப்பு பொடி (காரின் கூடு), வெள்ளைக் கூரை, இரண்டு பக்கமும் பெட்ரோல் மூடி. ஆனால் கார்புரேட்டருக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தேன். 1275 சிசி கூப்பர் எஸ் எஞ்சின் பிளொக்கின் பின்பக்கத்தில் கழற்றுகிற மாதிரி சின்ன மூடிகள் (டப்பெட் மூடிகள்) இருக்க வேண்டும். இதில் வெறும் வார்ப்பு இரும்பு. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறுக்குகிற ஸ்டட் 11 இருக்க வேண்டிய இடத்தில் 9.

“எஞ்சின் மாறினால் கார் போலியா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. பழைய காருக்கு எஞ்சின் மாறுவது வழமை. அதனால்தான் சி.ஆர். புத்தகத்தை, அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். “வீட்டில கிடக்கு அண்ணா” என்றார்கள் கார்க்காரர்கள். நல்லது.

சாதாரண மினியான 850க்கும் எஸ்ஸுக்கும் தகரம் ஏறக்குறைய ஒன்றுதான். வலப்பக்க டாங்கிக்கு ஓட்டை வெட்டி பேட்ஜ் குத்தினால் பாதி வேலை முடிந்தது. 1964இல் ராலி ஓட்டுநர் பாடி ஹொப்கேர்க் கூப்பர் எஸ் ஓட்டி மொன்டே கார்லோ ராலியை வென்றதில் வந்த மவுசு இது. அவருடைய பதக்கத்தை நாம் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவதா?

இங்கிலாந்திலேயே மினிக்குப் புது பொடி செய்து விற்கிறார்களாம். விற்கட்டும். அவர்கள் புதுசு என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு மினி நிற்கிறது. அப்பாவின் 850. உவர்மலை உப்புக்காற்று கதவுக்குக் கீழே தின்னத் தின்ன, தகரம் வைத்து ஒட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கராஜ் பாஸ் வந்து, “ரெண்டு கோடு அடிச்சு எஸ் பேட்ஜ் குத்துவம், விலை ஏறும்” என்றார். “இது எஸ் இல்லையே தம்பி” என்றார் அப்பா. அதோடு கதை முடிந்தது.

அப்பாவின் அந்தக் காரை ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னார்கள். “சாதாரண மினிதானே அண்ணா.” ஓம், சாதாரணம்தான். பிறந்த அன்றிலிருந்து 848 சிசி, ஒருநாளும் வேறொன்று என்று சொன்னதில்லை. போலிக்குக் கம்பளம், இதற்குக் குழாயடி. இதைப் பற்றி எழுத நான் வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வருகிறது.

கொழும்புப் பிள்ளை ஒருவர் அந்தச் சிவப்புக் காருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். அவருக்கு யார் பதில் சொல்வது? “அவருக்குத் தெரியாமல் இருந்தால் சந்தோஷமாக இருப்பார்” என்று எழுதிய மகானுக்கு ஒரு கும்பிடு.

பதிவை அழிக்கச் சொல்லி இன்பொக்ஸ் வருகிறவர்கள் சி.ஆர். புத்தகத்தைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். எஞ்சின் கொள்ளளவு எழுதியிருக்கிற இடம் தெளிவாகத் தெரியட்டும்.