1979-ஐ ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே

அப்துல் கலாம் பற்றிய கட்டுரை நன்று. ஆனால் செயற்கைக்கோள் ஏவும் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் தோல்விக்கு ஒரு வரிதானா? 1979 ஆகஸ்ட் 10. ஏவுவதற்குச் சில நிமிடங்களே இருக்கும்போது கணினி நிறுத்தச் சொன்னது. கூட இருந்த நிபுணர்கள் பரவாயில்லை, போகலாம் என்றார்கள். திட்ட இயக்குநரான கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் நைட்ரிக் அமிலம் கசிந்து கட்டுப்பாடு போய், ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18-ல் அதே ரக ராக்கெட்டில் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனதும் பேட்டி கொடுக்கக் கலாமை அனுப்பிவிட்டார்! இதைக் கலாமே மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், குடியரசுத் தலைவராக இருந்த ஐந்து வருடமும் வெறும் பூச்செண்டுதானா? 2005-ல் பீகார் சட்டசபைக் கலைப்புக்கு மாஸ்கோவில் இருந்தபடி கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு அரசியல் சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் பின்னால் சொன்னது. மறு வருடமே, எம்.பி.க்கள் வகிக்கும் சில அரசுப் பதவிகளால் அவர்கள் பதவி பறிபோகாமல் விலக்கு தரும் ஆதாயப் பதவி மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். மாணவர்களோடு எடுத்த படங்களில் ஒன்றிரண்டைக் குறைத்துவிட்டு இந்த இரண்டையும் சேர்த்திருக்கலாம்.