பழைய ஆபரா இசைத்தட்டுகளுக்கு ஒரு வக்காலத்து

ஆபரா என்கிற ஐரோப்பிய இசை நாடகத்தின் நூறு வருஷத்துக்கு முந்தைய பதிவு எதையாவது பகிர்ந்தால் போதும், "அப்பளம் பொரிக்கிற சத்தம்தான் சார் கேட்குது" என்று ஒரு கமெண்ட் வந்துவிடும்.

இரைச்சல் இருக்கத்தான் செய்யும். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வரும்வரை மைக் ஏது? பெரிய புனல் ஒன்றின் முன்னால் நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். உச்சத்தில் குரலெடுக்கும்போது கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தட்டுக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். 1902 ஏப்ரலில் இத்தாலியின் மிலான் நகர ஓட்டல் அறையில் பிரபல ஆபரா பாடகர் கரூசோ பாடியதும் இப்படித்தான். (அவரைப் பதிவு செய்த கிராமபோன் கம்பெனிக்காரர் கைஸ்பெர்க்தான் அதே ஆண்டுக் கடைசியில் கல்கத்தா வந்து பாடகி கௌஹர் ஜானையும் பதிவு செய்தார்.)

எனக்கு அந்தத் தட்டுகள் பிடிப்பது குரல் வளத்துக்காக மட்டுமில்லை, பாடுகிற தோரணைக்காக. இத்தாலியப் பாடகர் பெர்னாண்டோ டி லூசியா பாடிய, ரோசினி இசையமைத்த பாடல் எதையாவது கேளுங்கள். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகிறார், நம் கர்நாடக இசையில் வரும் ஜாரு மாதிரி. பிடித்த இடத்தில் சாவகாசமாக நிற்கிறார். குரலை இழையாக மெலிய விடுகிறார். திடீரென்று பொடிப்பொடியாகச் சங்கதிகளை உதிர்க்கிறார். பியானோக்காரர் பாவம், அவர் பின்னாலேயே வருகிறார். இன்று எந்த இசைக்குழு நடத்துநர் இதற்கு விடுவார்?

பாடகி அடெலினா பட்டி 1905இல் வேல்ஸில் தன் கோட்டை வீட்டிலேயே பாடிப் பதிந்தபோது வயது 62. மூச்சு போதவில்லை என்பது தெரிகிறது. ஆனாலும் ஒரு சொல்லில் குறும்பு, அடுத்ததில் ஏக்கம். குறையில்லாமல் பாடும் இன்றைய பல குரல்களில் எனக்கு அது கிடைப்பதில்லை.

"இதெல்லாம் இசையமைப்பாளர் எழுதியதை மீறுவது" என்பார்கள். சரி, பாடகர் விக்டர் மொரேலை எடுத்துக்கொள்வோம். இசையமைப்பாளர் வெர்டியின் 'ஒதெல்லோ' ஆபராவில் வில்லன் இயாகோவாக முதலில் மேடையேறியவர் (1887), அவருடைய 'ஃபால்ஸ்டாஃப்' ஆபராவின் முதல் நாயகன் (1893) இவர்தான். வெர்டி முன்னாலேயே ஒத்திகை பார்த்தவர். 1907இல் ஃபால்ஸ்டாஃபில் வரும் அரை நிமிடப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்கிறார். முடித்ததும் அறையிலிருப்பவர்கள் கைதட்டி மறுபடி கேட்கிறார்கள். பாடுகிறார். இன்னொரு முறை என்கிறார்கள். இந்த முறை பிரெஞ்சில். எல்லாம் ஒரே தட்டில்! மூன்றும் அச்சில் வார்த்ததுபோல் இல்லை. வெர்டி தேர்ந்தெடுத்த ஆளே இப்படிப் பாடியிருக்கும்போது, தாளில் இருப்பது மட்டும்தான் வெர்டி என்று எப்படிச் சொல்வது?

கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்று என்ற வேகத்தில் பதிந்தவை என்று சொல்ல முடியாது. டி லூசியாவின் பல தட்டுகள் அதைவிட மெதுவாகச் சுழல வேண்டியவை. வேகத்தைச் சரிசெய்யாத பிரதியில் அவர் குரல் ஆடு கத்துவதுபோல நடுங்கும். யூடியூபில் அப்படி நிறைய கிடக்கின்றன. வேகம் திருத்தியதைத் தேடிக் கேட்டுவிட்டு, அப்புறம் வந்து திட்டுங்கள்.