இரண்டாவது இலக்கத்தை ஏன் வெறுமையாக விடுகிறோம்?

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலைப் பற்றித் தேர்தல் காலத்தில் எழுதினால், எழுதியவர் எந்தக் கட்சியின் ஆள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். சொல்லவந்த விடயம் அப்படியே கிடந்துவிடும். அதனால்தான், 2024 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலின் பரபரப்பு அடங்கி ஓராண்டுக்கு மேலான பிறகு, அன்று யாருக்கு வாக்களிப்பது என்று நான் எப்படி முடிவெடுத்தேன் என்பதையும், வாக்குச்சீட்டில் இரண்டாவது விருப்பைக் குறிக்காமல் விடுவது ஏன் என்னை உறுத்துகிறது என்பதையும் இப்போது எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள் வாக்களிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் 2005 நவம்பர் 17க்குப் போகாமல் இருக்க முடியாது. நான் வாக்குரிமை பெற்றபின் வந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தல் அது. விடுதலைப் புலிகள் ஆதரித்த புறக்கணிப்பால் அன்று எங்கள் ஒழுங்கையில் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை. படலை நாள் முழுவதும் சாத்தியே கிடந்தது. வீட்டிலிருந்த மூன்று வாக்காளர் அட்டைகளும் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியபடியே இருந்தன. யாழ் மாவட்டத்தில் பதிவுபெற்ற ஏழு இலட்சத்துக்கும் அதிகமானவர்களில் அன்று வாக்களித்தவர்கள் 8,524 பேர், அதாவது 1.21 சதவீதம். மகிந்த ராஜபக்ச 50.29 சதவீதத்துடன் வென்றார். அவருக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையிலான வித்தியாசம் 180,786 வாக்குகள். வெற்றிக்கு வேண்டிய பாதி வாக்குகள் என்ற எல்லையை அவர் தாண்டியதோ ஏறத்தாழ 28,600 வாக்குகளால் மட்டுமே. நாங்கள் வாக்களித்திருந்தால் போர் மூண்டிருக்காது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் எங்கள் தலையெழுத்தைத் தீர்மானித்த ஒரு நாளில் எங்கள் கை அதில் படவேயில்லை என்ற எண்ணம் இருபது ஆண்டுகளாக என்னை விட்டு அகலவில்லை.

"ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான்" என்று சொல்பவர்கள் இன்றும் என் உறவினர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுடைய களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கூற்றை என்னால் ஏற்க முடிவதில்லை. 2016 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. ஜனாதிபதி மாறி, கோட்டாபய ராஜபக்ச வந்தபின் 2020இல் அது நிறுத்தப்பட்டது. கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, குடும்பங்கள் கதறக் கதற, எரித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் 2021 வரை நீடித்ததும் ஓர் ஆட்சியின் தீர்மானம்தான். இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்த 2021ஆம் ஆண்டு முடிவு, அந்த ஜனாதிபதிக்கு வாக்களித்த தெற்கின் வயலையும், வாக்களிக்காத வலிகாமத்தின் வெங்காயத் தோட்டத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. மாகாண சபை இல்லாத காலத்தில் வடக்கை நடத்துகிற ஆளுநரை நியமிப்பவரும் ஜனாதிபதியே. இத்தனைக்கும் பிறகு எல்லோரும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2024இல் எங்கள் முன் நான்கு வழிகள் சொல்லப்பட்டன. தமிழ்ப் பொது வேட்பாளரான பா. அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்கு வாக்களியுங்கள் என்றது ஒரு தரப்பு. தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக அறிவித்தது. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நின்ற வரிசைகளை இல்லாமற் செய்தவர் அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில்தான் என்று அவருக்காகப் பேசியவர்களும் பலர் இருந்தார்கள். இவற்றுக்கு வெளியே, அநுர குமார திசாநாயக்கவைப் பற்றி இளைஞர்கள் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

புறக்கணிப்பை நான் முதலிலேயே விலக்கிவிட்டேன். ஒற்றையாட்சி அமைப்புக்குள் நின்று ஒருவரைத் தெரிவுசெய்வது அந்த அமைப்பை ஏற்பதாகிவிடும் என்ற அவர்களுடைய வாதத்தில் நேர்மை இருக்கிறது. ஆனால் இங்கே வெற்றிக்கு வேண்டிய பாதி, செல்லுபடியான வாக்குகளிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. வீட்டிலிருந்தவரின் வாக்கும் பழுதாக்கப்பட்ட வாக்கும் அந்தக் கணக்குக்குள் வருவதேயில்லை; அவை வெல்பவர் எட்டவேண்டிய எண்ணைக் குறைத்துக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். 2024இல் நிராகரிக்கப்பட்ட 300,300 வாக்குச்சீட்டுகளில் எத்தனை எதிர்ப்பு, எத்தனை தவறு என்று பிரித்துச் சொல்ல எந்த அதிகாரியாலும் முடியாது. எதிர்ப்பைத் தெரிவிக்கும் இடம் அதுவல்ல.

மற்றவர்களை அளக்க நான் ஒரேயொரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: இவர் ஆட்சிக்கு வந்தால் எங்களை மீண்டும் வாக்களிக்க விடுவாரா? 2023 மார்ச்சில் நடந்திருக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நின்றுபோனது. அதை நடத்தாமல் விட்டதில் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் ஜனாதிபதித் தேர்தலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு தீர்ப்பளித்தது. வரிசைகள் குறைந்ததற்கான நன்றி எனக்கும் இருந்தது. ஆனாலும் அந்தத் தீர்ப்பை வாசித்தபின் ரணிலின் பெயருக்கு எதிரே ஓர் இலக்கத்தை எழுத என்னால் முடியவில்லை. சஜித், மாகாண சபைகளுக்கு அதிகாரம் பகிரும் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவதாகக் கிளிநொச்சியிலேயே சொன்னார். அநுரவின் தரப்பு மாகாண சபைத் தேர்தலை நடத்துவதாகச் சொன்னது. வாக்குறுதியை நம்பி ஏமாந்த கதை எங்களுக்கு நீளமானது என்றாலும், சொன்னவரைப் பிடித்துக் கேட்கலாம். சொல்லாதவரிடம் என்னத்தைக் கேட்பது?

அப்படியானால் சங்கு? அரியநேத்திரன் வெல்லமாட்டார் என்பது அவருக்கே தெரியும். இந்த மக்களுக்கென்று ஓர் அரசியல் கோரிக்கை இன்னும் இருக்கிறது என்பதை எண்ணிக்கையில் காட்டுவதே அந்த வாக்கின் நோக்கம். அந்த நோக்கத்துடன் நான் உடன்பட்டேன். வாக்குகளைச் சிதறடித்துவிடும் என்று என் நண்பர்கள் பலர் கோபப்பட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதில், எங்களில் பெரும்பாலானோர் கண்டுகொள்ளாமல் விடுகிற ஒரு வசதியைப் பற்றியது: எங்கள் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று மூன்று விருப்புகளைக் குறிக்கலாம். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் நீக்குவார்கள். நீக்கப்பட்டவருக்கு விழுந்த சீட்டில் 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்கு அது சேரும். இல்லாவிட்டால் 3 பார்க்கப்படும். ஆகவே மனச்சாட்சிக்கு 1, நாட்டை யார் ஆளவேண்டும் என்பதற்கு 2, அவர் முதல் இருவருக்குள் வராமல் போனால் 3.

தேர்தலுக்கு முதல்நாள் இரவு, கிழித்த கலண்டர் தாளின் பின்புறத்தில் பெட்டிகள் வரைந்து அம்மாவுக்கு இதை விளக்கினேன். "இவ்வளவு காலமும் ஒரு புள்ளடிதானே போட்டனாங்கள், இப்ப என்னத்துக்கு இலக்கம்?" என்று கேட்டார். "சந்தைக்கு ஆள் அனுப்பேக்க விளைமீன் இருந்தா விளைமீன், இல்லாட்டில் பாரை, அதுவும் இல்லாட்டில் சூடை எண்டு சொல்லித்தானே விடுறனீங்கள் அம்மா" என்றேன். தாளைக் கையில் வாங்கி விரலால் ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஆருக்குப் போடுறதெண்டு நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லி அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் யாருக்கு எந்த இலக்கத்தை இட்டார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சங்குக்கு 1, சஜித்தின் டெலிபோனுக்கு 2, அநுரவின் திசைகாட்டிக்கு 3 இட்டேன்.

முடிவு எல்லோரும் அறிந்தது. அநுர 42.31 சதவீதம், சஜித் 32.76 சதவீதம்; ஒருவரும் பாதியைத் தொடவில்லை. 1982இல் தொடங்கிய ஜனாதிபதித் தேர்தல்களின் வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. நான் இரண்டாமிடம் கொடுத்தவர் தோற்றார்; அதில் எனக்கு வருத்தமில்லை. என்னை உலுக்கியது வேறோர் எண். நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்கு விழுந்திருந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து இரண்டாவது எண்ணிக்கையில் அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264; சஜித்துக்குச் சேர்ந்தவை 167,867. மிகுதி முப்பது இலட்சம் சீட்டுகள், இருவரில் யார் ஆளவேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பதிலும் சொல்லாமல் கட்டுக்குள் கிடந்தன. முதல் எண்ணிக்கையில் இருந்த வித்தியாசம் ஏறத்தாழ 12 இலட்சத்து 72 ஆயிரம் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள்.

யாழ் மாவட்டத்தில் முதலிடம் பெற்ற சஜித்துக்கும் இரண்டாமிடம் பெற்ற அரியநேத்திரனுக்கும் இடையே ஐயாயிரம் வாக்குகள்கூட வித்தியாசமில்லை. சங்கும் டெலிபோனும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதாக மேடைகளில் இரு தரப்பும் சண்டை பிடித்த நேரத்தில், "எங்களுக்கு 1, அவர்களுக்கு 2" என்று உரத்துச் சொல்லியிருந்தால் எத்தனை குடும்பங்களில் மனக்கசப்பு இல்லாமல் போயிருக்கும். அடுத்த முறை எந்தக் கட்சி என் வீட்டுக்குத் துண்டுப்பிரசுரம் கொண்டுவந்தாலும், உங்கள் இரண்டாவது விருப்பு யார் என்றுதான் முதலில் கேட்கப் போகிறேன்.

வடக்கு மாகாண சபைக்கு நடந்த முதலாவதும் கடைசியுமான தேர்தலும் ஒரு செப்டெம்பர் 21ஆம் திகதியில்தான் நடந்தது, ஆண்டு 2013. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. சென்ற கிழமை கைப்பையைத் துப்புரவாக்கியபோது அம்மா அந்தக் கலண்டர் தாளை எடுத்து, எறியாமல் மீண்டும் உள்ளே வைத்தார். "மாகாண சபைக்கு எப்ப பிள்ளை வைப்பினம்?" என்று கேட்டார். நடத்துவதாகச் சொன்னவர்கள் இப்போது ஆட்சியில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு நான் இன்னும் ஒரு திகதி சொல்லவேண்டியிருக்கிறது.