வாய்தாவுக்குப் படகில் போகிறவர்களுக்கும் நீதி வேண்டும்

ஏழைத் தீவு நாடுகளில் போலீஸையும் கோர்ட்டையும் நிமிர்த்த வெளிநாடுகள் பணம் கொடுப்பதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணம் தலைநகரத்தைத் தாண்ட வேண்டும்.

பசிபிக் கடலில் இருக்கும் சாலமன் தீவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998 வாக்கில் தலைநகர் ஹோனியாரா இருக்கும் குவாடல்கனால் தீவுக்காரர்களுக்கும் அங்கே குடியேறிய மலைட்டா தீவுக்காரர்களுக்கும் சண்டை மூண்டது, அடியில் கிடந்தது நிலப் பிரச்சினை. 2000இல் மலைட்டா ஆயுதக் குழுவினர் போலீஸ் ஆயுதக் கிடங்கையே சூறையாடி, பிரதமரைப் பிடித்து வைத்தார்கள். 2003 ஜூலை 24 அன்று ஆஸ்திரேலியா தலைமையில் ராம்சி என்ற பல நாட்டு உதவிப்படை போய் இறங்கி, 2017 வரை இருந்தது. ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை ஒப்படைக்க வைத்து அழித்தார்கள், சிறைகளைச் சீர்செய்தார்கள், வெளியிலிருந்து நீதிபதிகளும் வக்கீல்களும் வந்தார்கள். சொந்த நாட்டுப் போலீஸைப் பார்த்தே நடுங்கிய ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சரி, நிலம்? அங்கே 80 சதவீதத்துக்கு மேல் குலவழி நிலம், அதாவது வழக்கப்படி குலங்களுக்குப் பொதுவாக இருக்கும் நிலம். அந்தத் தகராறுகளை விசாரிக்க வேண்டிய உள்ளூர் நீதிமன்றங்கள் காசில்லாமல் கூடுவதே அபூர்வமாக இருந்தது. 2006இலும் 2021இலும் ஹோனியாராவின் சைனாடவுன் எரிந்தது, ராம்சி கிளம்பிய பிறகு 2021இல் ஆஸ்திரேலியப் போலீஸ் மறுபடி போக வேண்டியதாயிற்று.

மேலூர்ப் பக்கம் பங்காளி வழக்கில் அலைகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். மஞ்சப்பையில் வில்லங்கச் சான்றும் கிரயப் பத்திர ஜெராக்ஸும், டவாலி பேர் சொல்லிக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி, வராதவரை விட்டுவிட்டே தீர்ப்பு. பஸ் ஓடுகிற ஊரிலேயே இந்தப் பாடு என்றால், கடல் தாண்டி வாய்தாவுக்கு வருகிறவர் என்ன செய்வார்? நம் மதுரை ஹைகோர்ட் கிளை ஒத்தக்கடைப் பக்கம் திறந்தது 2004 ஜூலை 24, ராம்சி இறங்கி சரியாக ஒரு வருஷம் கழித்து. அதற்கு முன்னால் கன்னியாகுமரிக்காரர் ஒரு ரிட் போடக்கூட மெட்ராஸுக்குத்தான் போகணும். கோர்ட் கிட்டத்தில் வந்ததால், கேஸே போட முடியாது என்றிருந்தவர்கள் போட ஆரம்பித்ததை இந்த ஊரில் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

அப்புறம், வெளிநாட்டு நீதிபதிகளை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்து. இன்னொரு பசிபிக் தீவு நாடான நவ்ருவில் 2014 ஜனவரியில் அரசாங்கம் ஆஸ்திரேலிய மாஜிஸ்திரேட்டை நாட்டைவிட்டு அனுப்பியது, அப்போது வெளிநாட்டில் இருந்த தலைமை நீதிபதியின் விசாவையும் ரத்து செய்தது. ஒரு விசா முத்திரையில் ஒரு நாட்டின் நீதித்துறையே ஆட்டம் கண்டது.

பக்கத்துத் தீவு நாடான வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டப்பள்ளி இருக்கிறது. அங்கே படித்துவிட்டு வரும் தீவுப் பிள்ளைகளுக்கு ஒழுங்கான சம்பளம், வெளித்தீவுகளுக்குப் போகும் மாஜிஸ்திரேட்டுக்குப் படகும் டீசலும், கேஸ் கட்டுகளை ஈரம் படாமல் வைக்க ஓர் அறை. உதவி செய்கிற நாடுகள் முதல் செக்கை இதற்குத்தான் எழுத வேண்டும், ஒரு வருஷத் திட்டமாக இல்லாமல் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு.