படித்ததால்தான் சிக்கினார்கள்

மியான்மரின் எல்லை நகரான மியாவடியில், இணைய மோசடிக் கும்பல்களின் வளாகங்களில் அடைபட்டு மீண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்து "படிச்சவனுக்கு இதுகூடத் தெரியாதா? எல்லாம் பேராசை" என்று சொல்கிறவர்களுக்கு: அவர்கள் படித்திருந்ததால்தான் சிக்கினார்கள்.

ஆள் பிடிக்கும் முறையைக் கவனியுங்கள். டெலிகிராமில் விளம்பரம் வரும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டாலரில் சம்பளம். ஆங்கிலத்தில் வீடியோ நேர்காணலும் டைப்பிங் தேர்வும் நடக்கும். அந்தத் தேர்வு நாடகம் இல்லை. உள்ளே போனபின் தினமும் பதினைந்து, பதினாறு மணி நேரம் போலிச் சமூக ஊடகக் கணக்குகளில் பழகி, எங்கோ இருப்பவரைக் கிரிப்டோ எனும் டிஜிட்டல் நாணயத்தில் பணம் போடவைக்க வேண்டும். அதற்கு ஆங்கிலமும் வேகமான விரல்களும் தேவை.

பயணம் சுற்றுலாப் பயணி என்ற பெயரில். பாங்காக்கில் இறங்கியதும் கார் நிற்கும். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தாண்டி மே சோட் என்ற தாய்லாந்து எல்லை ஊர். அங்கே மோய் ஆற்றைப் படகில் கடந்தால் மியான்மர். பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை விழாது, பாஸ்போர்ட்டும் பறிபோகும். தப்பி வந்தாலும் சட்டவிரோதமாக நுழைந்தவர் என்ற பழி காத்திருக்கும். விடச் சொன்னால் ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார்கள். கட்ட முடியாதவரை அடுத்த வளாகத்துக்கு விற்றுவிடுவார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆயுதக் குழுக்களின் ஆட்சி. கரென் இனத்தவரின் அந்தக் குழுக்களில் ஒன்றின் தலைவர் சா சிட் து மீது 2025 மே மாதம் அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் தாய்லாந்து அந்தப் பகுதிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தியது. வளாகங்கள் ஜெனரேட்டரை ஓட்டின. இணையத்துக்கு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் தட்டுகள் இருந்தன. மார்ச்சில் நம் விமானப்படை இரண்டே நாளில் 549 பேரை அழைத்து வந்தது. அது பெரிய வேலைதான். ஆனால் ஆள் அனுப்பும் குழாய் நம் ஊரில் திறந்தே இருக்கிறது.

பத்தாம் வகுப்பு தேறாதவர் தாய்லாந்துக்கு வேலைக்குப் போக அரசின் குடியகல்வு அனுமதி வேண்டும். பட்டதாரிக்கு அந்தச் சோதனையே இல்லை. கும்பல் குறிவைப்பதோ பட்டதாரியைத்தான்.

போலீஸுக்கு: அனுப்பிய ஏஜென்ட் மீது வெறும் மோசடி வழக்கு போட்டால் போதாது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவில் ஆட்கடத்தல் தெளிவாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. "அவனே விரும்பித்தானே போனான்" என்ற வாதம் அங்கே செத்துப்போகிறது. திரும்பி வருகிறவரைக் குற்றவாளியாக உட்கார வைத்து விசாரிக்காமல் சாட்சியாக நடத்துங்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது யார், கமிஷன் எந்தக் கணக்குக்குப் போனது, டெலிகிராம் உரையாடல், கிரிப்டோ வாலட் முகவரி, எல்லாம் அவர் வழியாகத்தான் கிடைக்கும். நாள் கடந்தால் எதிர்முனையில் சாட் அழிந்துவிடும்.

புறப்படத் தயாராகும் பிள்ளைகளுக்கு: ஏஜென்டின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். "விசிட்டிங்ல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்றால், டிக்கெட்டை அவரே எடுத்துக் கொடுத்தாலும் விமானம் ஏறாதீர்கள்.